ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நடந்தவை, வரிசைப்படி:

1. மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சென்ட்-ஒர்தான்ஸ் கிராமத்தின் குழாய்த் தண்ணீரில், மாடுகளின் குடலில் வாழும் கிருமி இருந்தது.
2. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஊருக்கு அறிவித்தோம். நிலத்தடிக் குழாய்களைக் கழுவினேன். குளோரினைக் கூட்டினேன்.
3. தண்ணீர் சுத்தமானது. அறிவிப்பை எடுத்தோம்.
4. கிருமி திரும்ப வந்தது.
5. மறுபடியும் சுத்தமானது. மறுபடியும் வந்தது.
6. ஏப்ரல் முடிவதற்குள் தண்ணீர் சரிவராவிட்டால் ஒடீலின் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்துக்குக் கொடுத்த அனுமதி நிறுத்தப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது.
7. ஊரில் பாதிப்பேர் ஓடையில் மரக்கிளைகளால் அணை கட்டியிருந்த பீவர் என்ற நீர்விலங்கைச் சந்தேகித்தார்கள். மீதிப்பேர் என்னைச் சந்தேகித்தார்கள்.
8. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒடீலின் சமையலறைக் குழாய் எல்லார் முன்னிலையிலும் மூச்சை உள்ளே இழுத்தது.

மொன்றியலுக்குப் பக்கத்து நகரமான லவாலில், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டதற்கு இவ்வளவுதான் சொன்னேன். அவர்களுக்குப் போதவில்லை. இந்த வருடத்திலிருந்து சிறு கிராமங்களின் பம்புகளையும் குளோரின் அளவையும் நாங்கள் லவாலில் இருந்தபடியே கணினித் திரையில் பார்க்கிறோம். "அப்ப முந்தி ஏன் அங்கேயே போய் இருந்தீர்கள்?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்ன பதிலைத்தான் இங்கே தமிழில், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அந்த ஊர்க்காரர்கள் பேசியது கெபெக் பிரெஞ்சு. அதை எங்கள் வீட்டுத் தமிழ்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அவர்களின் குரல் எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

கிராம வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றுவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லுகிறேன். அம்மாவுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "முப்பத்திரண்டு வயசிலை ஓய்வோ? அப்ப நான் தொட்டிலுக்கை போய்க் கிடக்கிறன்" என்றார்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வளர்ந்த நான், மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பண்ணைத் தொழில்நுட்பம் படித்தேன். மாட்டுக் கொட்டிலில் காலணியைக் கழுவும் முறையிலிருந்து பம்பைக் கழற்றிப் பூட்டுவதுவரை கற்றுத் தந்தார்கள். பிறகு குடிநீர் இயக்குநர் சான்றிதழ் எடுத்தேன். அந்த நாட்களில் சட்டம் இறுகியிருந்தது. எவ்வளவு சிறிய ஊரானாலும் அதன் தண்ணீரைச் சான்றிதழ் உள்ள ஒருவர் பார்க்க வேண்டும். சிறிய ஊர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. எனக்கு வேலை தேவைப்பட்டது.

சென்ட்-ஒர்தான்ஸ் மொன்றியலிலிருந்து கிழக்கே, நெடுஞ்சாலையை விட்டிறங்கிச் சோளவயல்களுக்கு நடுவே போகும் பாதையின் முடிவில் இருக்கிறது. ஒரு தேவாலயம். ஒரு பள்ளிக்கூடம். ஒரு தெப்பனர், அதாவது பாலிலிருந்து பீர்வரை விற்கும் மூலைக் கடை. தீயணைப்பு வண்டிக்கு ஒரு கொட்டகை. குன்றின் மேல் ஒரு ஊற்றும், அதன் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டியும். குன்றிலிருந்து ஒரே ஒரு பெரிய குழாய் நிலத்துக்கு அடியில் இறங்கி ஊருக்கு வருகிறது.

முதல் நாள் நான் காரை நிறுத்தியதும், அந்தக் கடையை வாங்க வந்தவள் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. காரணம், கடைக்காரரும் தமிழர். தயாபரன் அண்ணை, மட்டக்களப்புக் கத்தோலிக்கர். மொன்றியலில் டாக்ஸி ஓட்டி அலுத்துப்போய் அந்தக் கடையை வாங்கி, மனைவி பிள்ளைகளோடு வந்து குடியேறியவர். தேவாலயத்தில் பாடுவார். தொண்டர் தீயணைப்புப் படையிலும் சேர்ந்திருந்தார். கடைக்கு மேலிருந்த அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார்.

"இஞ்ச பாரு புள்ள," என்று சாவியைத் தரும்போது சொன்னார். "ராவையில பைப்ப இறுக்கிப் பூட்டிராதகா. நூல் மாதிரி ஓட உடு. பூட்டினயெண்டா நிலத்துக்குக் கீழ உறைஞ்சிரும். மறுகா சித்திரை மாசம்தான் தண்ணி."

இது அந்த ஊரின் வழக்கம். குளிர் தொடங்கியதிலிருந்து வசந்தம் நன்றாக ஊன்றும்வரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழாயை மெல்லிய இழையாக ஓடவிடுவார்கள். வெயில் எரித்தாலும் விடமாட்டார்கள்; நிலத்துக்குள் உறைவு ஆழமாக இறங்குவது மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான். கொட்டில்களிலும் அப்படித்தான். ஓடும் தண்ணீர் உறையாது. நானும் அப்படியே செய்தேன். அதில் பிழை எதுவும் இல்லை, குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை.

என் மேலதிகாரி மதாம் லிசெட். கிராம சபையின் செயலாளர், கணக்காளர், வரவேற்பாளர் எல்லாம் அவர் ஒருவரே. ஐம்பதுக்குக் கிட்டிய வயது, குட்டையான உருவம், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஊருக்குள் எவருக்கும் தொலைபேசியில் பேசமாட்டார். சொல்ல வேண்டியது இருந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு நடப்பார். ஒரு வீட்டுக்குப் போய் வாசல் மிதியடியில் காலணியோடு நின்று பேசினால் அது கிராம சபையின் பேச்சு. காலணியைக் கழற்றி உள்ளே போனால் அது லிசெட்டின் பேச்சு. ஊருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அவர் குனிந்து காலணி நாடாவைத் தொட்டால் வீட்டுக்காரர் கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். தொடாவிட்டால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

முதல் மாதம் என்னைத் தன்னோடு வீடு வீடாக அழைத்துப்போனார். எல்லா வீட்டிலும் மிதியடியில்தான் நின்றார். "இவர் சுகந்தி. எங்கட தண்ணியைப் பார்க்கிறவர்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. திரும்பும் வழியில் மட்டும் எனக்கு ஒன்று சொன்னார்: "ஆக்கள் உம்மோட கதைக்காட்டி, பிடிக்கேல்லை எண்டு நினைக்காதையும். இஞ்சை எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அதாலை சொல்ல ஒண்டுமில்லை."

அந்த வார்த்தையின் முழுப் பொருளும் எனக்கு விளங்க இரண்டு குளிர்காலம் எடுத்தது.

இனி அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு திங்களும் நான் தண்ணீர் மாதிரி எடுப்பேன். ஊரின் வெவ்வேறு இடங்களில், முறை மாற்றி மாற்றி. குழாயின் வாயிலிருக்கும் வலையைக் கழற்றி எடுக்க வேண்டும். வாயை அல்ககோலால் துடைக்க வேண்டும். தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை பொறுக்காத குளிர் வந்த பிறகு போத்தலைத் திறக்க வேண்டும். மூடியை நிலத்திலோ மேசையிலோ வைக்கக் கூடாது; சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில், உட்புறம் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கதைக்கக் கூடாது. எச்சில் துளி போதும். பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். சரியாகச் செய்தால் கிடைக்கும் பதிலை நம்பலாம்.

பதில் கெட்டதாக வந்தது. நான் ஊற்றைப் பார்த்தேன், சுத்தம். தொட்டியைப் பார்த்தேன், சுத்தம். குளோரின் சரியான அளவில் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே கிருமி தொட்டிக்குக் கீழே, குன்றுக்கும் ஊருக்கும் இடையில் எங்கேயோ உள்ளே வருகிறது. ஆனால் ஓடும் தண்ணீருக்கு உள்ளே அழுத்தம் இருக்கிறது. குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே போகுமே தவிர, வெளியே இருப்பது உள்ளே வராது. வருவதானால் அழுத்தம் விழ வேண்டும். நான் பார்த்த எந்த நாளிலும் அது விழவில்லை. நான் பார்த்த நாட்கள் திங்கள் முதல் வெள்ளிவரை. வெள்ளி மாலை பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய், திங்கள் காலை திரும்பிவிடுவேன்.

அம்மாவிடம் கொதிக்கவைக்கும் அறிவிப்பைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். "தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டு அரசாங்கம் சொல்லோணுமே? நான் பிறந்ததிலையிருந்து அப்பிடித்தான் குடிக்கிறன்."

ஆனால் சென்ட்-ஒர்தான்ஸில் அது அவமானம். அந்த ஊற்றின் பெயரில்தான் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களிடம் மார்தட்டுவார்கள். தெப்பனரில் நான் பாண் வாங்க நின்றபோது, அலமாரிக்கு மறுபக்கத்திலிருந்து ரெயாலின் குரல் கேட்டது. ரெயால் குன்றில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். தீயணைப்புப் படையின் தலைவர். அறுபது வயதிருக்கும், தோளில் எப்போதும் ஒரு வோக்கிடோக்கி.

"எங்கட அப்பா காலத்திலையிருந்து இந்தத் தண்ணியிலை ஒரு குறையும் இல்லை," என்றார். "இப்ப நகரத்திலையிருந்து ஒரு பெட்டை வந்து மருந்து ஊத்துறாள், உடனை கிருமி வருது. ரெண்டையும் ரெண்டையும் கூட்டிப் பார் தயா."

தயாபரன் அண்ணை நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். "கூட்டினா நாலு வருது ரெயால்," என்று பிரெஞ்சில் சொன்னார். "அந்த நாலு டொலரையும் வைச்சுட்டு உங்கட சிகரட்டை எடுங்க." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "நீ ஒண்டும் யோசிக்காத புள்ள. அந்தாளுக்குப் பீவரும் நீயும் ஒண்டுதான். ரெண்டுபேரும் தண்ணிக்க கையை வைக்கிறவங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒடீல் என் மனதில் இருந்தார்.

ஒடீல் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் கார்தெரி, அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலையம், நடத்தினார். ஊரின் சின்னக் குழந்தைகள் அத்தனை பேரும் பகலில் அங்கேதான் இருந்தார்கள். அறிவிப்பு இருந்த நாட்களில் பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பல் துலக்குவதற்குக்கூட அதையே கொடுத்தார். அறிவிப்பை எடுத்த நாட்களிலும் அவர் பானையை இறக்கவில்லை. அனுமதி போனால் குழந்தைகள் பக்கத்து நகரத்துக்குப் போவார்கள். அங்கே போன குழந்தை பிறகு அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேரும். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நடந்தன. கார்தெரி மூடினால் பள்ளிக்கூடம் அதிக நாள் நிற்காது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒடீலுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருநாள் அவர் என்னை வாசலில் நிறுத்தினார். கையில் ஒரு குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து.

"இந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு பெற்றோர் எல்லாரும் என்ர சமையலறைக்கு வருகினம். பிள்ளையளை மாத்திறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்க. நீ வந்து நிக்கிறியா?"

"நான் என்ன சொல்ல? காரணம் இன்னும் தெரியேல்லையே."

"தெரியேல்லை எண்டே சொல்லு. முகத்தைக் காட்டிச் சொல்லு. கூட்டத்துக்கு வராத ஆளுக்கு இஞ்சை ஒருத்தரும் தவணை குடுக்கமாட்டினம்."

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமையும் அங்கையோ? நான் றால் வாங்கி உரிச்சு வைச்சிருக்கிறன்." பிறகு, "சரி, குழந்தையளின்ரை விசயம். நில். றாலை ஐஸ்பெட்டிக்கை வைக்கிறன்" என்றார்.

அந்த ஞாயிறு பாதிரியார் வரும் ஞாயிறு. அவரைப் பல ஊர்கள் பங்குபோட்டிருந்தன. சென்ட்-ஒர்தான்ஸுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறைதான் முறை வரும். மற்ற ஞாயிறுகளில் பக்தியுள்ளவர்கள் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள், மற்றவர்கள் தூங்குவார்கள். பாதிரியார் வரும் நாளில் மட்டும் ஊர் முழுதும் நடுத்தெருவில் இருக்கும். அப்படி ஒரு நாளை நான் அதுவரை பார்த்ததில்லை. பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் கார்களில் சாய்ந்து நின்று கதைத்தார்கள். கன்று விலை பேசினார்கள். ஒருவர் இன்னொருவரின் மகனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். வாரம் முழுதும் எனக்குத் தலையை மட்டும் அசைத்தவர்கள் கைகொடுத்தார்கள்.

ஒடீலின் சமையலறையில் பெற்றோர்கள் சுவரோரமாக நின்றார்கள். கதிரை போதவில்லை. நான் தெரிந்ததைச் சொன்னேன்: ஊற்று சுத்தம், தொட்டி சுத்தம், இடையில் எங்கோ ஏதோ உள்ளே வருகிறது, எங்கே என்று தெரியவில்லை.

"தெரியாமல் எப்பிடிச் சரிசெய்வாய்?" என்று ஒரு இளம் தகப்பன் கேட்டான்.

"தெரியும்வரை தேடுவன்."

"ஏப்ரல் முடியுது."

கைகளுக்கு ஒரு வேலை கொடுக்க, மாதிரி எடுக்கும் முறையைக் காட்டுகிறேன் என்று சொல்லிக் குழாயைத் திறந்தேன். வலையைக் கழற்றினேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போத்தலை எடுக்கக் கையை நீட்டும்போது தண்ணீர் மெலிந்தது. நூலானது. நின்றது. பிறகு குழாய் "ஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. வெளியே விடவில்லை, உள்ளே இழுத்தது. நான் விரலைக் குழாயின் வாயில் வைத்தேன். விரல்நுனியை அது உறிஞ்சிப் பிடித்தது.

வெளியே, தேவாலயத்தின் பக்கமிருந்து, ஒரு பெரிய எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"பயிற்சி" என்றார் ஒடீல்.

"என்ன பயிற்சி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தீயணைப்புக்காரரின்ரை பயிற்சி," என்றார் ஒரு தாய், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "பாதர் வாற ஞாயிறுகளிலை பூசை முடியச் செய்யிறவை. எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மிச்சம் விளங்குவதற்கு நேரம் எடுக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஊர் ஒரு தீயணைப்பு வண்டி வாங்கியது. பெரிய நகரம் ஒன்று கழித்துவிட்ட வண்டி. ஆனால் சென்ட்-ஒர்தான்ஸுக்கு அது புதுசு. பழைய வண்டி ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும். குளிர் தணிந்து மார்ச்சில் பயிற்சி தொடங்கியபோது, புதியதை ரெயால் தெருவோரத்தில் நிற்கும் தீயணைப்புக் குழாயில் மாட்டினார். அதன் பம்பு இந்த ஊரின் ஒற்றைக் குழாய் தாங்கக்கூடியதைவிட வேகமாக இழுத்தது. இழுக்கும்போது ஊர்க்குழாயில், முக்கியமாகக் குன்றின் மேல்பகுதியில், அழுத்தம் பூச்சியத்துக்கும் கீழே போனது. அந்த நேரத்தில் எந்த வீட்டிலாவது ஒரு ரப்பர் குழாயின் வாய் அழுக்குத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால், அந்தத் தண்ணீர் பின்னோக்கிப் பாய்ந்து ஊர்க்குழாய்க்குள் போகும்.

மதாம் லிசெட் தேவாலய மண்டபத்தில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் காதில் சொன்னேன். அவர் கோப்பிக் கேத்தலை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினார்.

ஊர்த் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டிக்கு மிகக் கிட்டவாக, குன்றில் உயரத்தில் இருப்பது ரெயாலின் பண்ணை. கொட்டிலுக்கு வெளியே இளம் பசுக்களின் முற்றத்தில் தண்ணீர்த்தொட்டி ஒன்று தெருவிலிருந்தே தெரிந்தது. வேலிக்கு மேலாகப் பச்சை ரப்பர் குழாய் ஒன்று வந்து அதற்குள் இறங்கி, அடியில் ஒரு கல்லால் அமுக்கப்பட்டிருந்தது. மேலே இருந்து விழவிட்டால் தண்ணீர் தெறித்துச் சுற்றிலும் பனிக்கட்டியாகி மாடுகள் வழுக்கும். ஆகவே அடியில் விட்டிருக்கிறார். மாட்டுக்கு அது நல்ல யோசனை. தொட்டித் தண்ணீரில் வைக்கோலும் சாணமும் மிதந்தன.

"உள்ளை போவமா?" என்றேன்.

"வீட்டுக்காரன் இல்லாத முற்றத்துக்குள்ளை நாங்கள் போறேல்லை," என்றார் லிசெட். "அவன் கீழை ஊருக்குப் பம்பாலை தண்ணி பாய்ச்சிக் காட்டுறான். முடிச்சிட்டு வரட்டும்."

"அறிக்கையிலை முகவரி எழுதவேணும் மதாம். காரணத்தையும் இடத்தையும் எழுதாமல் அரசாங்கத்திலை அறிவிப்பை எடுக்க விடமாட்டினம்."

"எழுதும். உள்ளதை உள்ளபடி எழுதும். ஆனா அதைக் காகிதத்திலையிருந்து ரெயால் அறியக் கூடாது."

பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனோம். ரெயால் கதவைத் திறந்தார், தீயணைப்புச் சட்டையோடு. மதாம் லிசெட் குனிந்தார். ஒரு காலணியைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். என்னைப் பார்த்தார், நானும் கழற்றினேன். சபை விஷயமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தால் அது கெட்ட செய்திதான் என்று ரெயால் நினைத்துவிட்டார்.

"யார் செத்தது?" என்றார்.

"ஒருத்தரும் சாகேல்லை. இரு."

நான் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "என்ர தண்ணி மேலையிருந்து கீழை வருது. கீழையிருந்து மேலை எப்பிடிப் போகும்? இது தண்ணி. ஆடு இல்லை, திரும்பி வர" என்றார்.

"காட்டுறன்" என்றேன்.

முற்றத்துக்குப் போனோம். நான் ஒரு வாளியைக் கழுவி, குளோரின் கலந்த சுத்தமான தண்ணீரால் நிரப்பினேன். ரப்பர் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து, வாயை நன்றாகக் கழுவி, வாளிக்குள் விட்டேன். மதாம் லிசெட் காரணம் சொல்லாமல் நிற்கச் சொல்லியிருந்தபடி, கீழே தயாபரன் அண்ணையும் மற்றவர்களும் வண்டியோடு காத்திருந்தார்கள். "நீங்களே சொல்லுங்கோ" என்றேன் ரெயாலிடம்.

அவர் தோளிலிருந்த வோக்கிடோக்கியை எடுத்தார். "தயா. திற."

எஞ்சின் சத்தம் குன்றுவரை வந்தது. முதலில் குழாயிலிருந்து வாளிக்குள் வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. பிறகு வாளித் தண்ணீர் இறங்கத் தொடங்கியது, யாரோ நீளமான ஸ்ட்ரோ போட்டுக் குடிப்பதுபோல. வாளியின் அடி தெரிந்தது. கடைசித் துளியைக் குழாய் சத்தத்தோடு உறிஞ்சியது.

"நிப்பாட்டு" என்றார் ரெயால். குரல் தாழ்ந்திருந்தது. வோக்கிடோக்கியில் தயாபரன் அண்ணை, "என்ன, வடிவா வந்துதா?" என்று உற்சாகமாகக் கேட்டார்.

ரெயால் வெறும் வாளியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "லெயா குடிச்சவளோ?" லெயா அவருடைய பேத்தி, ஒடீலின் கார்தெரியில் இருந்தாள்.

"ஒடீல் பானையை ஒருநாளும் இறக்கேல்லை," என்றேன். "அறிவிப்பு இல்லாத நாளிலும் கொதிக்க வைச்சுத்தான் குடுத்தவ. ஒரு பிள்ளைக்கும் வருத்தம் வரேல்லை."

அவர் தலையை அசைத்தார். ரப்பர் குழாயைச் சுருட்டி வேலியில் தொங்கவிட்டார். மதாம் லிசெட் அறிக்கையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதட்டும். ஆனா ஊருக்கு நான்தான் சொல்லுவன்."

அன்று மாலையே தீயணைப்புக் கொட்டகைக்கு எல்லாரையும் கூப்பிட்டார். வண்டியின் படியில் ஏறி நின்று, "கிருமி என்ர தொட்டியிலையிருந்து வந்தது. பம்பைப் போட்டதும் நான். பீவரிட்டையும் இந்தப் பிள்ளையிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன்" என்றார். ஒருவர் பின்னாலிருந்து, "பீவர் ஏத்துக்கொள்ளுமோ தெரியேல்லை" என்றார். கொட்டகை சிரித்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது. பிறகு அதைப்பற்றி ஒருவரும் கதைத்து நான் கேட்கவில்லை.

மறுநாள் தொடங்கி, தீயணைப்புப் படையினரும் நானும் வீடு வீடாகப் போனோம். வெளிக்குழாய் ஒவ்வொன்றிலும் ஒருவழி வால்வு ஒன்றைத் திருகிப் பூட்டினோம். தண்ணீரை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. மூழ்கிக் கிடந்த ரப்பர் குழாய்கள் ரெயாலின் வீட்டில் மட்டுமல்ல. மேப்பிள் சாறு கொதிக்கவைப்பவர் ஒருவரின் கழுவும் தொட்டியில் ஒன்று. மேயரின் துவைக்கும் தொட்டியில் ஒன்று. தெப்பனரின் பின்பக்கம், மீன்பிடிக்காரர்களுக்கு விற்கும் இரைமீன் பீப்பாயில் ஒன்று.

"தயா!" என்று ரெயால் பீப்பாயைப் பார்த்துக் கத்தினார். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். "என்ர மாடு பரவாயில்லை. நீ ஊருக்கு மீன்சூப் குடுத்திருக்கிறாய்."

தயாபரன் அண்ணை என்னிடம் திரும்பினார். "புள்ள, இதையும் எழுதப் போறயா?"

"ஓம் அண்ணை."

"எழுது, எழுது. கடைக்குப் பேர் வரட்டும்."

குழாய்களைக் கழுவினேன். மாதிரிகள் சுத்தமாக வந்தன. ஆனால் அது எனக்குப் போதாது. ஊர் கூடும் ஞாயிற்றில் பம்பு ஓடிய பிறகும் சுத்தமாக வர வேண்டும். மதாம் லிசெட் நேரில் போய்ப் பாதிரியாரிடம் ஏதோ சொன்னார். ஏப்ரலின் கடைசி ஞாயிறு வேறொரு ஊரின் முறை. ஆனாலும் பாதிரியார் எங்கள் ஊருக்கு வந்தார். பூசை முடிந்தது. ரெயால் பம்பைப் போட்டார், இம்முறை நான் குறித்துக் கொடுத்த வேகத்தில். ஒடீலின் சமையலறையில் நான் குழாயைத் திறந்து நின்றேன். தண்ணீர் கொஞ்சம் மெலிந்தது. நிற்கவில்லை. மூடியைச் சுண்டுவிரலில் பிடித்தபடி போத்தலை நிரப்பினேன். சுவரோரமாகப் பெற்றோர் நின்றார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. எச்சில் துளி போதும் என்று முன்பு சொல்லியிருந்தேன்.

ஆய்வுகூடத்தின் பதில், தவணைக்கு முன்பே, சுத்தம் என்று வந்ததும் நான் ஒடீலுக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. நடந்து போனேன். கதவைத் திறந்தவர் முதலில் என் காலைப் பார்த்தார். நான் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே திரும்பி, அடுப்பிலிருந்த பெரிய பானையை இறக்கினார். அதை ஒரு துணியால் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைக்க எட்டாமல், "உயரமான ஆள் நீதானே, வை" என்று என்னிடம் நீட்டினார்.

அதன் பிறகும் சில வருடங்கள் அங்கே இருந்தேன். குழாய்கள் உடைந்தன, பம்பு பழுதானது, ஒரு கோடையில் ஊற்று மெலிந்தது. எதுவும் அந்த ஏப்ரலைப்போல இல்லை. கல்யாணமாகி, கணவரின் வேலை லவாலில் என்பதால் நானும் லவால் அலுவலகத்துக்கு மாறினேன்.

இப்போது நிலைமை இது. ஒடீலின் கார்தெரி நடக்கிறது. இடம் போதாமல் மேல்தளத்தையும் சேர்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகள் இன்னும் ஒரே அறையில்தான் இருக்கின்றன, ஆனால் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. லெயா அங்கே படிக்கிறாள். திரையில் சென்ட்-ஒர்தான்ஸின் அழுத்தமும் குளோரினும் நாள் முழுதும் தெரிகின்றன. அவை இருக்கவேண்டிய அளவில் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த இருவரும் அடுத்த மாதம் அங்கே போய்க் கொஞ்ச நாள் தங்குகிறார்கள். மதாம் லிசெட் அவர்களை வீடு வீடாக அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.